விழப்போற பல்லு

“விழப்போற பல்லுதானே, அதுக்கு என்னாத்துக்கு வைத்தியம்?”

காஹாங்கில் இந்த வாக்கியம் புழங்காத தமிழ் வீட்டை நான் பார்த்ததில்லை. பாட்டிமார் சொல்வார்கள், அப்பாமார் சொல்வார்கள், சில சமயம் வெள்ளைக்கோட்டு போட்டவர்களே சொல்வார்கள். தோட்டத்து ஜனங்களின் அறியாமை என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் பல் மருத்துவத்தின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் வேறொன்று தெரிகிறது. பெரிய பெரிய மருத்துவர்களும் நெடுங்காலம் இதையேதான் வேறு மொழியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பால்பல்லைக் காப்பாற்றலாம், காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் வயதில் சிறியது. என் பாட்டி பிறந்த காலத்தில்தான் அதுவும் பிறந்தது.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50ஆம் எண் சாலையில் இருக்கிறது காஹாங். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் வண்டியை நிறுத்தித் தண்ணீர் போத்தல் வாங்கிக்கொண்டு போகிற ஊர். போர்க்காலத்தில் ஜப்பானியர் பயன்படுத்திய விமானத்திடல் இங்கே இருந்தது. இப்போது எந்தப் பக்கம் பார்த்தாலும் செம்பனை. அதற்கு முன் கித்தா. என் தாத்தா பாட்டி இந்தப் பக்கத் தோட்டமொன்றில் பால் வெட்டினார்கள். நான் லயத்து வீட்டில் பிறந்தவன். எனவே இந்த வரலாற்றை எங்கே சுற்றினாலும் காஹாங் வழியாகத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் பல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பால்பற்கள் மொத்தம் 20. முன்பற்கள் ஆறு, ஏழு வயதில் ஆடி விழுந்துவிடும். நாம் ‘விழப்போற பல்லு’ என்று சொல்லும்போது மனதில் இருப்பது இவைதான். சாணியில் பொதித்துக் கூரைமேல் எறிகிற பல். ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் எட்டும் அப்படியல்ல. அவை விழ 9 வயதிலிருந்து 12 வயதுவரை ஆகும். மூன்று வயதில் சொத்தை விழுந்த கடைவாய்ப் பல், இன்னும் ஏழெட்டு வருடம் வாயில் இருந்து வேலை செய்ய வேண்டிய பல். ஒரு பிள்ளையின் ஆரம்பப்பள்ளிக் காலம் முழுதும்.

பால்பல்லின் மேலோடு நிலைப்பல்லினுடையதில் ஏறக்குறைய பாதி கனம்தான். உள்ளே இருக்கும் பற்கூழோ அளவுக்கு மீறிப் பெரியது. வெளியே குண்டூசித் தலை அளவு கறுப்பு தெரியும்போது உள்ளே கதை முடிந்திருக்கும். கிருமி கூழைத் தொட்டதும் பிள்ளை இரவில் அழும். சில நாள் கழித்துத் திடீரென்று வலி நின்றுவிடும். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. உண்மையில் அது நரம்பு செத்துப்போன அமைதி. பிறகு சீழ் வேர்களுக்கு நடுவே இறங்கி, ஈறில் ஒரு பருவாக வெளியே வரும். அந்த வேர்களுக்கு நடுவில்தான் நிலைப்பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கிறது. சீழ் அதையும் தொட்டால், பல வருடம் கழித்து முளைக்கிற நிலைப்பல் பழுப்புத் திட்டோடும் பள்ளத்தோடும் வரும். மருத்துவத்தில் அதற்கு ‘டர்னர் பல்’ என்று பெயர். என் தங்கையின் வாயில் அப்படி ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பல்லைத் தின்பது புழு என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு கதை இருக்கிறது. தெய்வம் புழுவுக்கு உணவாகப் பழம் கொடுக்கிறது. புழு அது வேண்டாம், மனிதனின் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே இடம் கொடு என்று கேட்கிறது. சுசுருதர் சொத்தைப்பல்லுக்கு வைத்த பெயர் கிருமிதந்தம். நாம் இன்றைக்கும் ‘பல்லுல பூச்சி’ என்கிறோம். தமிழ்நாட்டில் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டுப் புகையை வாய்க்குள் பிடிக்கச் செய்வார்கள். வெள்ளையாகச் சின்னச் சின்னதாக ஏதோ விழும். ‘பார், பூச்சி விழுந்துட்டுது’ என்பார்கள். ஐரோப்பாவிலும் இதே வித்தையை வேறொரு செடியின் விதையைக் கொண்டு செய்தார்கள். விழுந்தது சூட்டில் வெடித்த விதையின் முளைக்குருத்து. சிரிக்க வேண்டியதில்லை. வலிக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருக்கிற அம்மாவுக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய எதிரி ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

1728இல் பாரிஸில் பியர் ஃபோஷார் எழுதிய பெரிய நூல்தான் நவீனப் பல் மருத்துவத்தின் தொடக்கம் என்பார்கள். புழுவைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை என்று அவர் எழுதினார். 1756இல் பிரஷ்ய மன்னரின் பல் மருத்துவர் பிலிப் ஃபாஃப், திறந்துபோன பற்கூழின்மேல் சிறு தங்கத்தகட்டை வளைத்து மூடிப் பார்த்தார். உயிருள்ள கூழைக் காப்பாற்றலாம் என்ற எண்ணத்துக்கு அதுதான் முதல் தடயம். ஆனால் காலம் அந்தப் பக்கம் போகவில்லை. 1836இல் அமெரிக்கர் ஸ்பூனர், கூழைக் கொல்வதற்கு ஆர்சனிக் வைக்கச் சொன்னார். பாஷாணம்தான். நரம்பு சாகும், வலி நிற்கும், சில சமயம் தாடை எலும்பும் சேர்ந்து சாகும். காப்பாற்றுவது, கொல்வது, பிடுங்குவது என்ற மூன்று வழிகளுக்கு நடுவேதான் இன்றுவரை பல் மருத்துவம் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் கதை ஜொகூருக்கு வருகிறது. நான் எதிர்பார்க்காத வழியில்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜொகூரின் செல்வம் கித்தாவிலிருந்து வரவில்லை, கித்தா மரம் அப்போது இங்கே இல்லவே இல்லை. ‘கெத்தா பெர்ச்சா’ என்ற பிசினிலிருந்து வந்தது. தாபான் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் காட்டு மரத்தின் பால் அது. சுடுநீரில் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மோண்ட்கோமரி 1843இல் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாக இதைவிட நல்ல பொருள் இல்லை என்று ஐரோப்பா கண்டுகொண்டதும் விலை ஏறியது. ஜொகூர் காடுகளின் பிசின் வணிகத்தைக் கையில் வைத்திருந்த தெமெங்கோங் டாயிங் இப்ராஹிம் அதில்தான் பணக்காரரானார். காட்டுக்குள் போய் மரத்தை வெட்டிச் சாய்த்துப் பால் எடுத்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். ஒரு மரத்தைக் கொன்றால் கிடைப்பது கொஞ்சம் பிசின். சில பத்தாண்டுகளில் மரமே அருகிப்போனது.

அந்தப் பிசின் பல்லுக்குள்ளும் போனது. 1847இல் அமெரிக்கர் ஏசா ஹில் அதைக் கலந்து பல் அடைப்பான் செய்தார். 1867இல் பௌமன் வேர்க்கால்வாய்களை அடைக்கப் பயன்படுத்தினார். இன்றைக்கும் உலகில் எங்கே வேர்ச்சிகிச்சை செய்தாலும் கடைசியில் உள்ளே திணிக்கப்படும் இளஞ்சிவப்புக் குச்சி கெத்தா பெர்ச்சாதான். சென்னையிலோ லண்டனிலோ வேர்ச்சிகிச்சை செய்துகொண்டவர் வாயில் நம் பக்கத்துக் காட்டு மரத்தின் பெயர் இருக்கிறது.

ஆனால் பால்பல்லில் அதை வைக்க முடியாது. நிலைப்பல் மேலே ஏறி வரும்போது பால்பல்லின் வேரை உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். கெத்தா பெர்ச்சா கரையாது. வேர் போன பிறகும் அது குச்சியாக நின்று, வருகிற பல்லை மறிக்கும். ஆகவே பால்பல்லுக்குள் வைக்கிற மருந்து வேரோடு சேர்ந்து கரைந்துபோகத் தெரிந்ததாக இருக்க வேண்டும். துத்தநாக ஆக்சைடும் யூஜெனாலும் குழைத்த பசை பல தலைமுறைகளாக இதற்குப் பயன்பட்டது. அயோடோஃபார்ம் பசைகளும் வந்தன. யூஜெனால் என்பது வேறொன்றுமில்லை, கிராம்பெண்ணெயின் சாரம். பாட்டி பஞ்சில் தொட்டு வைத்ததும் அதுதான். அது மறக்கடிக்கும் மருந்து, குணப்படுத்தும் மருந்து அல்ல என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

பெர்லினில் வேலை செய்த அமெரிக்கர் டபிள்யூ. டி. மில்லர் 1890இல் வெளியிட்ட நூலில் சொத்தையின் வேலைமுறையைச் சரியாகச் சொல்லிவிட்டார். வாயில் உள்ள கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன, அமிலம் பல்லைக் கரைக்கிறது. புழுவின் கதை அத்துடன் முடிந்தது. ஆனால் கிருமிக் கொள்கைக்கு ஒரு கோணலான பிள்ளையும் பிறந்தது. 1910இல் மாண்ட்ரியலில் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹண்டர் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். செத்த பற்களின்மேல் பல் மருத்துவர்கள் கட்டிவைக்கும் தங்கவேலை அழுக்கை மூடிவைக்கும் சமாதி, மூட்டுவலி முதல் சோகைவரை எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்றார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகள் பல் பிடுங்குவது ஒரு வெறியாகவே நடந்தது. பெரியவர்களின் நிலைப்பல்லையே மூட்டை மூட்டையாகப் பிடுங்கிய காலத்தில் பிள்ளைகளின் பால்பல்லை யார் சீண்டுவார்கள்? ‘விழப்போற பல்லுதானே’ என்பதற்கு அறிவியலின் முத்திரையும் கிடைத்துவிட்டது.

அந்தக் காற்றுக்கு எதிரே நின்றவர் கலிபோர்னியாவின் சார்ல்ஸ் ஸ்வீட். 1930இல் அவர் ஒரு முறையைச் சொன்னார். பால்பல்லின் தலைப்பகுதியில் உள்ள கெட்ட கூழை மட்டும் வெட்டி எடுப்பது, வேருக்குள் இருக்கும் கூழின் வாயில் ஃபார்மோகிரசால் என்ற மருந்தை வைப்பது, மேலே அடைத்துவிடுவது. மருந்து அவருடையதல்ல. 1904இல் பக்லி என்பவர் ஃபார்மலினையும் கிரசாலையும் கலந்து உண்டாக்கியது. பிணத்தைப் பதப்படுத்துகிற அதே ஃபார்மலின். கூழை அது குணப்படுத்தவில்லை, பதப்படுத்தியது. ஆனாலும் பல் நின்றது, சீழ் பிடிக்கவில்லை. 1955 வாக்கில் ஸ்வீட் 16,651 பற்களுக்குச் செய்துவிட்டதாகவும் நூற்றுக்கு 97 வெற்றி என்றும் கணக்குக் கொடுத்தார். அவற்றில் ஏறக்குறைய பாதிப் பற்கள் காலத்துக்கு முன்பே விழுந்துவிட்டன என்பதையும் அந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்கு ஸ்வீட்டிடம் பிடித்தது அந்த எண்கள் அல்ல. பால்பல்லை எண்ணத் தகுந்ததாக நினைத்த முதல் சிலரில் அவர் ஒருவர். 1950இல் வில்லியம் ஹம்ஃப்ரி, பிள்ளைகளின் கடைவாய்ப் பல்லுக்கு மேல் மாட்டும் எவர்சில்வர் தொப்பியைக் கொண்டுவந்தார். கூழை வெட்டு, மருந்து வை, எவர்சில்வரால் மூடு. அரை நூற்றாண்டுக்கு உலகம் முழுவதும் இதுதான் பாடம்.

ஸ்வீட் கணக்கெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் மலாயா தோட்டங்களில் என்ன நடந்தது?

பாட்டி சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்ல முடியும். இருட்டோடு பிரட்டு. பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குப் போக வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப் போவார்கள். ஒரு ஆயாவுக்கு எத்தனையோ குழந்தைகள். கூடவே ஒரு போத்தலில் கரைத்த டின் பால். “எங்க பாலு மரத்துக்குப் போச்சு, புள்ளைக்கு டின்னு பாலு” என்று பாட்டி சொல்லிச் சிரிப்பார். சிலேடை அவருடையது, நான் சேர்க்கவில்லை. டின் பாலில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் சர்க்கரை. குழந்தை தூங்கும்வரை போத்தல் வாயிலேயே இருக்கும். தூங்கும்போது எச்சில் ஊறுவது குறைந்துவிடும். மேல்முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் இரவெல்லாம் பாகில் ஊறும். முதலில் கரைவது மேல்முன்பற்கள். நாக்கு மூடிக்கொள்வதால் கீழ்முன்பற்கள் மட்டும் தப்பிக்கும். தோட்டத்துப் பழைய பள்ளிப் படங்களை எடுத்துப் பாருங்கள், மேல்வரிசையில் கறுப்புக் குச்சிகளோடு சிரிக்கிற பிள்ளை ஒன்றாவது இருக்கும். இந்த வடிவத்துக்கும் பால்போத்தலுக்கும் உள்ள உறவை 1962இல்தான் ஃபாஸ் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு கட்டுரையாக எழுதினார்.

இந்த டின் பால் இங்கே தானாக வந்து சேரவில்லை. ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் நிறுவனம், அதாவது நெஸ்லே, 1912இல் பினாங்கில் கடை திறந்தது. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் மருத்துவர் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். ஜமைக்காவில் பிறந்தவர், ஆப்பிரிக்காவில் குவாஷியோர்க்கர் நோயை அடையாளம் கண்டவர், பிறகு மலாயாவுக்கு மாற்றப்பட்டவர். தாதிபோல் உடை உடுத்திய பெண்களை வீடு வீடாக அனுப்பித் தாய்ப்பாலை நிறுத்தவைத்து டின் பாலைக் கொடுக்கச் செய்வதால் குழந்தைகள் சாகிறார்கள், இதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார். டின் பால் விற்கிறவர்களும் அவர்களுக்கு வேண்டியவர்களும் உட்கார்ந்திருக்கக்கூடிய ஒரு சபையில் அவர் இதைப் பேசினார். அவர் பேசியது உயிரைப் பற்றி, பல்லைப் பற்றி அல்ல. ஆனால் சாகாமல் தப்பித்த குழந்தைகளின் வாயில் அந்தப் பால் எழுதிவிட்டுப் போனதைத்தான் நான் மேலே சொன்னேன். (அந்த டின்கள் இன்றும் இருக்கின்றன. பல டின்களில் இப்போது பால் என்றுகூடப் போட முடியாது, ‘கிரீமர்’ என்றுதான் இருக்கும். உள்ளே இருக்கும் கொழுப்பு பெரும்பாலும் செம்பனை எண்ணெய்.)

தோட்டத்தில் வைத்தியம் என்றால் டிரெஸர். காய்ச்சலுக்கு மருந்து, வெட்டுக்காயத்துக்குக் கட்டு. பல்லுக்கு? குறடு. அது அவருடைய குற்றமல்ல. பால்வெட்டுக்காரரின் பிள்ளை வளர்ந்து மறுபடி பால்வெட்டுக்காரராவதற்குப் பல் தேவையில்லை என்பதுதான் நிர்வாகத்தின் சொல்லாத கணக்கு. தோட்டத்து ஜனங்களையே வந்துபோகிறவர்களாகப் பார்த்த இடத்தில் வந்துபோகிற பல்லுக்கு யார் செலவழிப்பார்கள்?

மாற்றம் நியூசிலாந்தைப் பார்த்து வந்தது. முதல் உலகப்போருக்கு ஆள் எடுக்கும்போது இளைஞர்களின் பற்கள் கிடந்த நிலையைப் பார்த்து அந்த நாடு பயந்துபோனது. தாமஸ் ஹண்டர் என்ற மருத்துவரின் முயற்சியில் 1921இல் வெலிங்டனில் இளம்பெண்களை எடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி கொடுத்துப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். பல் மருத்துவர்கள் அல்ல, பல் தாதிகள். பிள்ளைகளின் பல்லை அடைப்பதும் பிடுங்குவதும் அவர்கள் வேலை. காலால் மிதிக்கிற துளைக்கருவி. நியூசிலாந்துப் பிள்ளைகள் அந்த அறைக்கு வைத்த பெயர் ‘கொலைவீடு’. ஆனாலும் திட்டம் வேலை செய்தது. 1949இல் அதே மாதிரியில் பினாங்கில் பல் தாதிகள் பயிற்சிப்பள்ளி தொடங்கியது. மலாயாவின் பல பகுதிகளிலிருந்து பெண்கள் வந்து படித்தார்கள். பிற்பாடு அந்தப் பதவிக்குப் பெயர் மாறியது. எங்கள் ஊரில் பெயர் மாறவில்லை. பல்லு மிஸ்ஸிதான்.

பல்லு மிஸ்ஸி வருகிற நாள் எங்கள் பள்ளியில் திருவிழாவும் துக்கமும் கலந்த நாள். மடக்கு நாற்காலியைத் திடலில் விரிப்பார்கள். கைவிளக்கு, எச்சில் துப்ப ஒரு வாளி. நான்காம் வகுப்புப் பையன்கள் கழிவறைக்குள் ஒளிவார்கள். அந்தப் பெண்கள் செய்தது சின்ன வேலையல்ல என்று இப்போது படிக்கும்போது புரிகிறது. பல் மருத்துவர்களே விரல்விட்டு எண்ணும்படி இருந்த நாட்டில் செம்மண் சாலைகளில் ஆடிக்கொண்டு வந்து, யாரும் மதிக்காத பற்களை ஒவ்வொன்றாக எண்ணி அட்டையில் குறித்தார்கள். ஆனால் அவர்கள் கைக்கு வரும்போது பல பற்கள் தாமதம். ஏழு வயதில் பள்ளிக்கு வரும் பிள்ளையின் பல் மூன்று வயதிலேயே கெட்டுப்போயிருக்கும். குடிதண்ணீரில் ஃபுளோரைடு கலக்க 1972இல் அரசு நாடு தழுவி ஒப்புதல் கொடுத்தது, நல்ல காரியம்தான். எங்கள் லயத்துக்கு அந்தக் குழாய் வந்துசேர இன்னும் பல காலம் ஆனது.

தங்கைக்கு நடந்தது அந்த இடைவெளியில்தான். அவளுக்கு ஐந்து வயது. கீழ்த்தாடையில் வலப்பக்கம் பல்வலி என்று ஒரு வாரம் அழுதாள், பிறகு நின்றது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் கன்னம் கண்வரை வீங்கி, காய்ச்சலோடு, வாயைத் திறக்க முடியாமல் எழுந்தாள். ஒரு கிளினிக்கில் மருந்து கொடுத்தார்கள், வீக்கம் வற்றியது. பல் அப்படியே இருந்தது. “விழப்போற பல்லுதானே, தானா விழும்” என்றார்கள். மறுபடி வீங்கியது. மறுபடி மருந்து. நோய்க்கிருமி இருக்கிற வீட்டைத் திறக்காமல், வெளியே வந்த கிருமியை மட்டும் விரட்டுவது அது. செத்த பல்லுக்குள் இரத்த ஓட்டம் கிடையாது, மாத்திரை அங்கே போய்ச் சேராது. மூன்றாவது தடவை குளுவாங்குக்குக் கொண்டுபோய் இரண்டு கடைவாய்ப் பற்களையும் எடுத்தார்கள். பின்னால் முளைத்த ஆறு வயதுக் கடைவாய்ப் பல் வெறும் இடத்துக்குள் நகர்ந்து வந்தது. பிறகு வந்த நிலைப்பற்களில் ஒன்று இடமில்லாமல் நாக்குப் பக்கம் சாய்ந்து, பழுப்புத் திட்டோடு முளைத்தது. இன்றும் அவள் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போகும். அவள் தப்பித்தவள். 2007இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், பணக்கார நாட்டில், 12 வயதுச் சிறுவன் ஒருவன் சொத்தைப்பல்லின் சீழ் மூளைக்கு ஏறிச் செத்தான்.

உண்மையில் அந்த நேரத்திலெல்லாம் விடை கிடைத்துவிட்டிருந்தது. 1965இல் காகேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற மூன்று ஆய்வாளர்கள் எலிகளின் பல்லைத் துளைத்துக் கூழைத் திறந்துவிட்டார்கள். சாதாரண எலிகளின் கூழ் அழுகியது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்ந்த எலிகளின் கூழோ, சோற்றுத்துணுக்கு உள்ளே போயிருந்தும்கூட, தானே புதிய பல்திசுவைக் கட்டி வாயை மூடிக்கொண்டது. கூழ் பலவீனமானதல்ல, கிருமியை உள்ளே விடாமல் மூடிவிட்டால் அதற்கே தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியும். எனக்கு இந்த முழு வரலாற்றிலும் மிகப் பிடித்த சோதனை இது. தங்கத்தகடு வளைத்த ஃபாஃப் 200 வருடம் முன்னாலேயே சரியான கதவைத் தட்டியிருக்கிறார், பூட்டத்தான் அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு பிணமருந்தின் மவுசு குறைந்தது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியபோது, பல நாடுகளில் பிள்ளைகளின் பல் மருத்துவர்கள் அந்தப் புட்டியை அலமாரியின் பின்பக்கம் தள்ளினார்கள். பல்லில் வைக்கும் துளியளவு ஆபத்தா என்று இன்னும் வாதிடுகிறவர்கள் உண்டு. நல்ல மாற்று கிடைத்த பிறகு அந்த வாதத்துக்கு அவசியமில்லை என்பது என் எண்ணம். மாற்று என்பது 1990களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டாவில் தோராபிநெஜாத் உருவாக்கிய எம்.டி.ஏ. வீடு கட்டுகிற போர்ட்லாந்து சிமெண்டின் நெருங்கிய சொந்தக்காரன் அது. ஈரத்திலேயே இறுகும், கிருமி நுழைய இடம்விடாது, கூழைக் கொல்லாமல் அதன்மேல் மூடியாக உட்காரும். கூழ் முழுக்கச் செத்திருந்தால் வேர்க்கால்வாய்களைச் சுத்தம் செய்து கரைகிற பசையால் நிரப்பலாம். வேரே அரித்துப்போயிருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் எடுத்த இடம் மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு கம்பி வளையம் வைக்கலாம். தங்கைக்கு யாரும் அதைச் சொல்லவில்லை.

கூழைக் கிருமி தொடும் முன்பே பிடித்துவிட்டால் துளைக்கவே வேண்டியதில்லை என்று சொன்னவர் ஸ்காட்லாந்தின் நோர்னா ஹால். பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்ல, சாதாரணமாகத் தொழில் பார்த்த பல் மருத்துவர். சொத்தையைச் சுரண்டாமல், ஊசி போடாமல், எவர்சில்வர் தொப்பியைப் பசை வைத்து அப்படியே அழுத்தி மாட்டிவிடுவார். உள்ளே அகப்பட்ட கிருமிக்குச் சர்க்கரை கிடைக்காது, பட்டினியில் அடங்கிவிடும். பல் மருத்துவக் கல்லூரிகள் முகம் சுளித்தன. சொத்தையை உள்ளே வைத்து மூடுவதா? 2006இல் அவருடைய பழைய பதிவேடுகளை எடுத்து ஆராய்ந்து வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு முறையான ஒப்பீட்டு ஆய்வும் வந்தது. வழக்கமான அடைப்பைவிட ஹாலின் தொப்பிகள் நன்றாக நின்றிருந்தன. ஒரு சாதாரணப் பல் மருத்துவரின் கைவேலை பாடநூலுக்குள் நுழைந்தது.

மலேசியாவில் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் தேசிய அளவில் எடுத்த கணக்குகள் இருக்கின்றன. 1995இல் நூற்றுக்கு 87.1 பேருக்குச் சொத்தை. 2005இல் 76.2. 2015இல் 71.3. இறங்குகிறது, உண்மைதான். ஆனாலும் பத்தில் ஏழு பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே சொத்தையோடு இருக்கிறார்கள். பல்லு மிஸ்ஸி ஏழு வயதில் சந்திக்கிற பிள்ளைக்கு ஒன்றரை வயதில் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த வயதில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வருகிற அம்மாவிடம் வாயைத் திறந்து காட்டச் சொல்லும் இடங்கள் இப்போது இருக்கின்றன. வருகிறவர்களுக்கு அது கிடைக்கிறது. செம்பனைக் காட்டுக்குள் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். நான் இதை ஒரு சாக்காகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன்.

போன வருடம் தங்கை தன் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். நான்கு வயது. இரவில் மட்டும் வலி. ஈறில் பரு இல்லை, வீக்கம் இல்லை. “எடுத்துறலாமா, காப்பாத்தலாமா?” என்று அங்கிருந்த இளம் டாக்டர் கேட்டாராம். அம்மா பின்னாலிருந்து, “எடுத்துருங்கம்மா, விழப்போற பல்லுதானே” என்றார். தங்கை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. தன் கன்னத்தை விரலால் இழுத்து, அந்தப் பழுப்புப் பல்லை டாக்டரிடம் காட்டினாள்.

அரை மணி நேரம் ஆனது. மரத்துப்போக ஊசி, வாயில் ஒரு மெல்லிய ரப்பர் விரிப்பு, கெட்ட கூழை மட்டும் எடுத்து, வெள்ளைச் சிமெண்டை வைத்து, மேலே எவர்சில்வர். மருமகள் இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் வாயை அகலத் திறந்து, “மாமா, இரும்புப் பல்லு!” என்று காட்டுகிறாள். மேலே ஏறி வருகிற பல் வேரைத் தின்றுமுடித்ததும், அவளுடைய பதினோரு வயது வாக்கில், அது தொப்பியோடு சேர்ந்து விழும்.